என்பீல்டு தந்த பெயர்கள்: பிரிட்டிஷ் காலாட்படையின் போர்க்காலக் கருவிகள்

பிரென், ஸ்டென் என்னும் இரு சொற்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் போர்க்காலத்தையும் அவசரகாலத்தையும் கண்ட தலைமுறைக்கு நன்கு பழக்கமானவை. பத்திரிகைச் செய்திகளிலும் பட்டாளத்துக் கதைகளிலும் அவை தாராளமாக அடிபட்டன. ஆயினும் அவற்றின் பொருள் யாது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. பழைய ஆங்கில அகராதிகளிலும் அவற்றைக் காண இயலாது. ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் வெட்டி ஒட்டி 1930களிலும் 1940களிலும் உண்டாக்கப்பெற்ற சொற்கள் அவை. பிரென் என்பதன் முற்பகுதி செக்கோஸ்லாவாக்கிய நாட்டின் பர்னோ நகரத்தைக் குறிக்கும். பிற்பகுதி இங்கிலாந்தின் என்பீல்டைக் குறிக்கும். ஸ்டென் என்பதில், ஆங்கில எழுத்தின்படி, முதலெழுத்து ஷெப்பர்டு என்ற படை அதிகாரிக்கும் அடுத்தது டர்ப்பின் என்ற வரைவாளருக்கும் உரியது. ஈற்றில் நிற்பது மீண்டும் அதே என்பீல்டு. அது இங்கிலாந்தையே குறிக்கும் என்பாரும் உளர்.

ஒரு கருவி எங்கிருந்து வருகிறதோ அங்குள்ள சொல்லும் அதனுடன் வருவது உலகியல்பு. துப்பாக்கி என்ற சொல்லே துருக்கிய மூலத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். ஆங்கிலேயரின் துப்பாக்கிப் பெயர்களையும் அவ்வாறே பிடித்துக்கொண்டு சென்றால், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் கையிலிருந்தவை எவ்வாறு பிறந்தன என்பது விளங்கும். அவற்றுட் பல அயலாரிடம் பெற்ற அமைப்புகள். பல, மிகச் சிறந்த கருவி எது என்று ஆராய்வதற்கு நேரமில்லாத ஓர் ஆண்டில், எதை விரைவாகவும் மலிவாகவும் செய்யலாம் என்ற ஒரே நோக்குடன் செய்யப்பெற்றவை. மிச்சம் பிடித்த காசுக்கு ஈடாக என்ன போயிற்று என்பதைப் போர்க்களத்தில் நின்றவனே அறிந்தான்.

லண்டனுக்கு வடக்கே, லீ ஆற்றங்கரையில் உள்ளது என்பீல்டு. நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்த சமயத்தில், 1816-இல், அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கே அமைந்தது. இந்தியாவுக்கும் அவ்வூர்ப்பெயர் புதிதன்று. 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடித்துத் திறக்க மறுத்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள் என்பீல்டு துப்பாக்கிக்கு உரியவையே.

லீயின் தாழ்

காலாட்படைச் சிப்பாயின் முதற் கருவி லீ-என்பீல்டு துப்பாக்கி. இதன் பெயரிலுள்ள லீ, மேற்சொன்ன ஆறு அன்று; ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற மனிதர். ஸ்காட்லாந்தில் 1831-இல் பிறந்து, கானடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் குடியேறியவர். துப்பாக்கியின் அடிப்பக்கத்தில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் பெட்டியும், கதவுத் தாழ்ப்பாளைப் போலத் திருப்பி இழுத்துத் தள்ளும் தாழும் இவர் தந்தவை. தாழை இழுத்தால் பழைய கூடு வெளியே தெறிக்கும்; தள்ளினால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறும்.

பிரிட்டிஷ் படை 1888-இல் இவ்வமைப்பை ஏற்றபோது துப்பாக்கியின் பெயர் லீ-மெட்போர்டு. குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்களை வகுத்தவர் மெட்போர்டு. அவை கருமருந்துக்கு ஏற்றவை. புகையில்லா மருந்து வந்ததும் அதன் கடுஞ்சூட்டில் அவை விரைவில் தேய்ந்தன. என்பீல்டில் ஆழமான வேறு பள்ளங்கள் வகுக்கப்பெற்று, 1895-இல் பெயரும் லீ-என்பீல்டு ஆயிற்று. ஆகவே பெயரின் முதற்பாதி தாழுக்கும் பிற்பாதி பள்ளத்துக்கும் உரியவை எனலாம்.

மற்ற நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐந்து தோட்டா கொண்டிருக்க, இது பத்துக் கொண்டது. தாழின் நடையும் குறுகியது. பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் பதினைந்து முறை குறிபார்த்துச் சுட வேண்டும் என்பது 1914-க்கு முன்பிருந்த விதி. அவ்வாண்டு ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மோன்ஸ் களத்தில் இச்சுடும் வேகத்தைக் கண்ட ஜெர்மானியர் எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் நிற்பதாக எண்ணினர் என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையோ மிகையோ, அந்தப் பெருமையே பின்னர்த் தடையாகவும் ஆயிற்று. இவ்வளவு நல்ல துப்பாக்கி இருக்கும்போது வேறு எதற்கு என்ற மனப்பாங்கு படைத்தலைமையில் ஊறிவிட்டது.

அத்துப்பாக்கியின் தோட்டாவில் ஒரு சிறு குறை இருந்தது. குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம். தோட்டாக் கூட்டின் அடியில், ஆணித்தலையைப் போல, வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு. கருமருந்துக் காலத்தில் அது வசதியானது. தோட்டாக்களை அடுக்கிச் சுடும் கருவிகளில் ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். விளிம்பில்லாத புதுத் தோட்டாவுக்கு மாறப் பிரிட்டன் 1913-இல் முயன்றது. மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. கோடிக்கணக்கான தோட்டாக்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் கைவசம் இருக்க, மாற்றத்துக்கு இடமேது? விளிம்பு நின்றுவிட்டது. அடுத்த உலகப்போரிலும் அதுவே தொடர்ந்தது.

பர்னோவிலிருந்து வந்தது

முதல் உலகப்போரில் பயன்பட்ட லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிக்குப் பதிலாக ஒன்றை 1930களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் தேடினர். பல நாட்டுக் கருவிகளைச் சோதித்து முடிவில் தேர்ந்தது செக்கோஸ்லாவாக்கியாவில் வாட்சிலாவ் ஹோலெக் என்பார் அமைத்த இலேசு இயந்திரத் துப்பாக்கியை. பர்னோ நகரத் தொழிற்சாலையின் உரிமம் பெற்று, 0.303 அங்குலத் தோட்டாவுக்கு ஏற்ப அதனை மாற்றி, 1937-இல் என்பீல்டில் செய்யத் தொடங்கினர். ஓராண்டு கழித்து, 1938-இல், அப்பர்னோவைத் தந்த நாடு மியூனிக் உடன்படிக்கையால் துண்டாடப்பட்டது. 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பர்னோவுக்குள் நுழைந்து, அத்தொழிற்சாலையையும் எடுத்துக்கொண்டது. பின்னர் ஜெர்மன் படைகளும் பிரென்னின் உடன்பிறப்பான செக் துப்பாக்கியை ஏந்தின.

பிரென் துப்பாக்கியின் தலைமேல் வளைந்து நிற்கும் தோட்டாப்பெட்டியைப் படங்களில் கண்டோர் அது அழகுக்காக வளைந்ததென எண்ணலாம். வளைவுக்குக் காரணம் அந்த விளிம்பே. அடிப்புறம் பருத்த தோட்டாக்களை நெருக்கி அடுக்கினால் அடுக்கு தானே வளையும். பெட்டி முப்பது தோட்டா கொள்ளும். விளிம்புகள் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தால் சிப்பாய்கள் இருபத்தெட்டோடு நிறுத்துவர். ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கி நாடாவில் கோத்த தோட்டாக்களை இடைவிடாது விழுங்கும். பிரென் பெட்டி பெட்டியாகச் சுடுவது. நிமிடத்துக்கு 500 என்பது அதன் கணக்கானாலும், பெட்டி மாற்றும் நேரத்தையும் கழிக்கவேண்டும். ஆனால் குறி தவறாதது. சேற்றிலும் மணலிலும் நின்று உழைப்பது. சூடேறிய குழலைச் சில வினாடிகளில் கழற்றி மாற்றலாம். எடை ஏறக்குறைய இருபத்திரண்டு ராத்தல். சிப்பாய்கள் தம் கருவிகளுள் மனமாரப் புகழ்ந்தது இதனையே.

பத்துப் பேர் கொண்ட சிறு பிரிவில் மூவர் பிரென்னுக்கு உரியவர். ஏனைய எழுவர் துப்பாக்கி வீரர் என்று பெயர்; உண்மையில் பிரென்னின் சுமைதாங்கிகளும் அவர்களே. ஒவ்வொருவன் மார்பிலும் தொங்கிய இரு துணிப்பைகள் பிரென் தோட்டாப்பெட்டி நுழையும் அளவுக்கே தைக்கப்பெற்றன. 1937-ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர்பெற்ற அத்தளவாடத்தைத் தைத்தவர்களுக்கு அளவுகோல் சிப்பாயின் உடம்பன்று, பர்னோவின் பெட்டி என்று சொன்னால் மிகையாகாது.

டன்கர்க்கில் விட்டவை

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3,38,000 பேர் கப்பலேறித் தப்பினர். மனிதர் வந்தனர்; கருவிகள் வரவில்லை. ஏறக்குறைய 2,500 பீரங்கிகளும் 64,000 மோட்டார் வண்டிகளும் பிரான்சில் கைவிடப்பட்டன. பிரென் துப்பாக்கிகளுள் பெரும் பகுதியும் அவற்றோடு போயிற்று. கடலைத் தாண்டி எந்த நாளும் ஜெர்மானியர் வந்திறங்கலாம் என்ற நிலையில், இங்கிலாந்திலிருந்த படைகளுக்கே கருவி போதவில்லை.

அம்மாதங்களில் நடந்த சில செயல்கள் இன்று படிக்கும்போது நகைப்பை விளைவிக்கும். ஊர்காவற்படையினர் வேட்டைத் துப்பாக்கிகளுடன் நின்றனர். அமெரிக்காவிலிருந்து முதல் உலகப்போர்க் காலத்துப் பழைய துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றின் தோட்டா 0.30 அங்குலம். பிரிட்டிஷ் தோட்டாவைத் தவறுதலாக அவற்றில் இட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் சிவப்புப் பட்டை தீட்டவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில், ஒவ்வொருவன் கையிலும் ஈட்டியேனும் இருக்கவேண்டும் என்று சர்ச்சில் எழுதிய குறிப்பை அதிகாரிகள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டனர். இரும்புக் குழாயின் நுனியில் பழைய துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்து இரண்டரை இலட்சம் ஈட்டிகளுக்கு உத்தரவு பிறந்தது. அப்போது படைத்துறைத் துணையமைச்சராக இருந்த கிராப்டின் பெயரால் கிராப்டின் ஈட்டிகள் என்று மக்கள் அவற்றைக் கேலி செய்தனர். பல கிடங்குகளை விட்டு வெளியே வரவேயில்லை.

ஈட்டிகளை நகைத்துத் தள்ளிவிடலாம். அதே நெருக்கடியில் எடுக்கப்பெற்ற வேறு முடிவுகள் அத்துணை எளியவை அல்ல. டாங்கிகளைத் துளைக்கும் இரண்டு ராத்தல் குண்டுப் பீரங்கி பழையதாகிவிட்டது. ஆறு ராத்தல் குண்டுடைய புதியதன் அமைப்பு ஆயத்தமாக இருந்தது. புதியதற்கு மாறினால் இயந்திரங்களைத் திருத்தும் மாதங்களில் உற்பத்தி குறையும். குறைவான நல்ல பீரங்கியா, நிறைந்த பழைய பீரங்கியா? படைத்துறை நிறைந்ததையே தேர்ந்தது. வேறு வழியும் அப்போது இருந்ததாகத் தோன்றவில்லை. அதன் கடனை 1941-இலும் 1942-இலும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் பீரங்கிக்காரர் தீர்த்தனர்.

துப்பாக்கியிலும் சிக்கனம் புகுந்தது. 1941 முதல் பெருவாரியாக வந்த நான்காம் எண் லீ-என்பீல்டில் செதுக்கு வேலை குறைந்தது. குறிபார்க்கும் நுண்ணிய அமைப்புக்குப் பதில் புரட்டிப்போடும் தகடு வந்தது. குழலில் ஐந்து பள்ளங்களுக்கு இரண்டே போதும் என்றனர். வியப்பு என்னவெனில் குறியில் பெரிய வேறுபாடு இல்லை. முன்பு 17 அங்குல நீளமான வாள்போலிருந்த துப்பாக்கிமுனைக் கத்தி, எட்டு அங்குல வெறும் ஆணியாகச் சுருங்கிற்று. ரொட்டி வெட்டவும் விறகு பிளக்கவும் உதவியது போய்விட்டதே என்று சிப்பாய்கள் நொந்துகொண்டனர். இந்த நான்காம் எண், இங்கிலாந்தில் மட்டுமின்றிக் கானடாவிலும் அமெரிக்காவிலும் செய்யப்பெற்று, நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டது. வங்காளத்தின் இச்சாப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் பழைய மாதிரியையே தொடர்ந்து செய்தனர். ஆதலால் இந்தியப் படையினர் போர் முழுவதும் ஏந்தியது பெரும்பாலும் தந்தையர் காலத்துத் துப்பாக்கியே.

ஸ்டென்னின் விலை

ஜெர்மன் வீரர் குறுகிய தொலைவில் சரமாரியாகச் சுடும் சிறு துப்பாக்கிகளோடு வந்தனர். பிரிட்டிஷ் படைத்தலைமை அவ்வகையைக் குண்டர்களின் கருவி என்று போருக்குமுன் ஒதுக்கி வைத்திருந்தது. தேவை வந்தபோது அமெரிக்காவின் தாம்சன் துப்பாக்கியை வாங்கவேண்டியதாயிற்று. நல்ல கருவி, ஆனால் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 டாலர். நீர்மூழ்கிகள் உலவும் அட்லாண்டிக்கைத் தாண்டி அது வந்துசேரவும் வேண்டும்.

1941-இன் தொடக்கத்தில் ஷெப்பர்டும் டர்ப்பினும் தந்த விடை ஸ்டென். ஓர் இரும்புக் குழாய். அதற்குள் ஒரு சுருள்வில்லும் கனத்த தாழும். இடப்பக்கம் நீட்டிக்கொண்டு தோட்டாப்பெட்டி. தோளில் அணைக்க வளைத்த கம்பி. தகடுகளை அழுத்தி வெட்டிப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. நுட்பமாகக் கடைய வேண்டியவை குழலும் தாழுமே. பூட்டுச் செய்பவரும் மிதிவண்டி செய்பவரும் உறுப்புகளைச் செய்து தரலாம். உண்மையில் அதன் மூன்றாம் மாதிரியைப் பெருமளவில் செய்தது லைன்ஸ் சகோதரர் என்ற விளையாட்டுப் பொம்மைக் கம்பெனி. விலை இரண்டரைப் பவுன் அளவில் நின்றது. பின்னர் அதற்கும் கீழே இறங்கிற்று. போர் முடியுமுன் ஏறத்தாழ நாற்பது இலட்சம் ஸ்டென்கள் வெளிவந்தன.

தோட்டா ஒன்பது மில்லிமீட்டர், ஜெர்மானியரிடம் இருந்ததே. எதிரியின் கிடங்கைக் கொள்ளையிட்டால் அதையே ஸ்டென்னில் இட்டுச் சுடலாம். தோட்டாப்பெட்டியின் அமைப்பையும் ஜெர்மன் கருவியிலிருந்தே எடுத்தனர். கெடுதல் வந்ததும் அவ்வழியே. பெட்டிக்குள் இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒரே வாய்க்குள் நெருங்க வேண்டும். அவ்வாயின் உதடு சிறிது நசுங்கினாலும், கொஞ்சம் மண் புகுந்தாலும் தோட்டா நின்றுவிடும். 32 தோட்டா கொள்ளும் பெட்டியில் இரண்டு மூன்றைக் குறைத்து இடுவது சிப்பாய்களின் அனுபவ அறிவு. வேறொரு கெடுதலும் உண்டு. கருவியைக் கீழே தவறவிட்டால் கனத்த தாழ் தானே பின்சென்று முன்பாய்ந்து சுட்டுவிடும். தோழனின் ஸ்டென்னால் காயமுற்றவர்களின் கதைகள் எல்லாப் படைப்பிரிவுகளிலும் உண்டு. துர்நாற்றம் என்று பொருள்படும் ஸ்டென்ச் என்ற ஆங்கிலச் சொல்லோடு இணைத்துச் சிப்பாய்கள் அதற்கு இட்ட வசைப்பெயர் மொழியறிந்தோருக்குச் சுவை தரும்.

அதன் குறை மிகப்பெரிய அளவில் வெளிப்பட்ட இடம், பிரென்னைத் தந்த அதே செக் நாடு. 1942 மே 27 அன்று பிராகா நகரில் நாஜி ஆட்சியாளன் ஹைட்ரிக்கின் காரை யோசெப் கப்சிக் வழிமறித்தார். பிரிட்டனில் பயிற்சி பெற்று விமானத்திலிருந்து இறக்கப்பட்டவர் அவர். கையில் ஸ்டென், எதிரே சில அடி தூரத்தில் பகைவன், விசையை இழுத்தார். சுடவில்லை. உடன்வந்த யான் குபிஷ் எறிந்த குண்டினாலேயே ஹைட்ரிக் காயமுற்று ஜூன் 4-இல் மாண்டான். அன்று குபிஷ் உடனில்லையேல், இரண்டரைப் பவுன் கருவி வரலாற்றை வேறு வழியில் திருப்பியிருக்கும்.

எனினும் ஸ்டென்னை இகழ்ந்து முடித்துவிடுவது நியாயமன்று. ஒரு தாம்சனின் செலவில் பத்துக்கு மேற்பட்ட ஸ்டென்களைச் செய்யலாம். வெறுங்கையோடு நின்ற நார்வேக்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் விமானத்திலிருந்து எறிய முடிந்தது அதனைத்தான். நெருக்கடி தணிந்ததும், 1944-இல், மரக்கட்டைப் பிடியுடன் திருத்தமான ஐந்தாம் மாதிரி வந்தது. தோட்டாப்பெட்டியின் வாய் மட்டும் பழையதே.

டாங்கியின்முன் ஒரு மனிதன்

காலாட்படைச் சிப்பாய் டாங்கியை எதிர்ப்பதெப்படி? போருக்குமுன் பிரிட்டிஷ் படை தந்த விடை பாய்ஸ் துப்பாக்கி. அதனை அமைத்த காப்டன் பாய்ஸ், படை அதனை ஏற்பதற்குச் சில நாள்களுக்கு முன் 1937-இல் காலமானார். அவர் நினைவாகவே அப்பெயர். 0.55 அங்குலக் குழல். எடை 36 ராத்தல். தோளை நொறுக்கும் உதை. நூறு கெஜத்தில் ஏறத்தாழ இருபது மில்லிமீட்டர் தகட்டைத் துளைக்கும். 1937-இல் அது போதும். 1940-இல் ஜெர்மன் டாங்கிகள் தடித்துவிட்டன.

மலாயாவில் கதை வேறு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியரிடம் இருந்த இலேசு டாங்கிகளின் தகடு பன்னிரண்டு மில்லிமீட்டரே. பாய்ஸ் துப்பாக்கி அவற்றைத் துளைக்க வல்லது. ஆனால் மலாயாக் காடுகளில் டாங்கிகளுக்கு வேலையில்லை என்ற நம்பிக்கையில் தலைமை இருந்தது. தீபகற்பத்தில் பிரிட்டிஷ் தரப்பில் டாங்கிப்படை ஏதும் இல்லை. அவசரமாகத் திரட்டி அனுப்பப்பெற்ற இளம் இந்தியச் சிப்பாய்களுட் பலர் டாங்கியைக் கண்ணாலும் கண்டதில்லை. 1942 ஜனவரி 7 அன்று விடியுமுன், ஏறத்தாழ முப்பது ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் சாலைவழியே சிலிம் ஆற்றுப் பாலம் வரை ஊடுருவிச் சென்றன. காலைப்பொழுதுக்குள் பதினோராம் இந்தியப் படைப்பிரிவின் இரு பிரிகேடுகள் சிதைந்தன. எதிர்ப்புப் பீரங்கிகளும் கண்ணிவெடிகளும் அப்பகுதியில் இல்லாமல் இல்லை. உரிய இடத்தில் உரிய நேரத்தில் வைக்கப்படவில்லை. பதினொரு நாள் கழித்து மூவாருக்கு அருகே பக்ரியில் ஆஸ்திரேலியர், அந்தப் பழைய இரண்டு ராத்தல் பீரங்கிகளைக் கொண்டே ஒன்பது டாங்கிகளை வரிசையாக அடித்து நொறுக்கினர். ஆகவே மலாயாத் தோல்வியைக் கருவிகளின் தலையிலேயே கட்டிவிட இயலாது.

பாய்ஸுக்குப் பின் வந்தது பியாட். காலாட்படைக்குரிய டாங்கி எதிர்ப்பு எறிகருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களே அதன் பெயர். பிளாக்கர் என்ற அதிகாரியின் எண்ணத்தை ஜெபரிஸ் என்பவர் செம்மைப்படுத்தினார். 1943-இல் சிசிலித் தீவில் களம் கண்டது. அதன் குண்டின் தலையில் வெடிமருந்து கூம்புக் குழியாக அமைந்திருக்கும். வெடிக்கும்போது ஆற்றல் முழுவதும் அக்குழியின் நேரே குவிந்து, உலோகத் தாரையாகப் பாய்ந்து, நான்கங்குலத் தகட்டையும் துளைக்கும். எறியும் வேகத்தால் துளைப்பதன்று ஆதலால், குண்டு மெல்லச் சென்றாலும் போதும். அதனை எறிய நீண்ட குழலோ பெரிய மருந்துக்கட்டோ வேண்டுவதில்லை. ஒரு பெரிய சுருள்வில் இரும்புத் தண்டைக் குண்டின் வாலுக்குள் அடிக்கும்; வாலிலுள்ள சிறு மருந்து வெடித்துக் குண்டைத் தள்ளும்; அந்த உதையே வில்லை மீண்டும் இழுத்துவைக்கும்.

சில சமயம் இழுத்து வைக்காது. அப்போது தொண்ணூறு கிலோ அளவு வலிமையுள்ள வில்லைச் சிப்பாய் தானே இழுக்கவேண்டும். எதிரியின் கண்முன் மல்லாந்து படுத்து, அடிக்கட்டையில் இரு கால்களையும் ஊன்றி, முதுகை நிமிர்த்தி இழுப்பதே முறை. டாங்கியைத் தாக்க நூறு கெஜத்துக்குள் நெருங்கவும் வேண்டும். இதனை யாரும் விரும்பியதாகச் சொல்லவில்லை. ஆயினும் களத்திலிருந்து திரும்பிய 161 கானடிய அதிகாரிகளிடம் 1944-45-இல் 31 கருவிகளைப் பற்றி வினவியபோது, மிகப் பயன்பட்டது என்று முதலிடம் பெற்றது பியாட், அடுத்தது பிரென். புகையும் பின்னோக்கிய நெருப்பும் இல்லாமையால், வீட்டு அறைக்குள்ளிருந்தும் மறைந்து எறியலாம் என்பது அதன் சிறப்பு.

1944 ஜூன் 12 அன்று மணிப்பூரின் நிங்தௌகோங் அருகே, கூர்க்காப் படையைச் சேர்ந்த சிக்கிம் இளைஞர் கஞ்சு லாமா, கையிலும் காலிலும் குண்டு பாய்ந்த நிலையில் பியாட்டை இழுத்துக்கொண்டு தவழ்ந்து, முப்பது கெஜத்துக்குள் நெருங்கி, இரு ஜப்பானிய டாங்கிகளை அழித்தார். விக்டோரியாச் சிலுவை அவருக்கு அளிக்கப்பெற்றது.

நூலும் எஃகும்

கருவியைச் சுமக்கும் கச்சைகளுக்கும் தனி வரலாறு உண்டு. 1899-இல் தொடங்கிய போயர் போரில் தோற்கச்சைகள் நைந்து தோட்டாக்கள் உதிர்ந்தன. 1908-இல் பருத்திநூலால் தடித்து நெய்த கச்சை வந்தது. அதனை நெய்தது, அமெரிக்கப் படை அதிகாரி ஆன்சன் மில்ஸ் பெயர்கொண்ட கம்பெனி. மில்ஸ் கையெறி குண்டு வேறொரு மில்ஸினுடையது; பர்மிங்காமைச் சேர்ந்த வில்லியம் மில்ஸ் அதனை 1915-இல் அமைத்தார். சிப்பாயின் இடுப்பில் இரு மில்ஸ்களும் ஒன்றாகத் தொங்கினர். அதே 1915-இல் ஜான் பிராடி அமைத்த தலைக்கவசம், கவிழ்த்த தட்டம் போன்றது. பதுங்குகுழியில் மேலிருந்து விழும் சிதறல்களைத் தடுக்க ஏற்றது. பக்கவாட்டில் காதையும் பிடரியையும் காக்காது. சிறு திருத்தங்களுடன் அதுவே 1944 வரை நீடித்தது.

பருத்திக் கச்சை மழைக்காட்டுக்கு ஏற்றதன்று. நீரைக் குடித்துக் கனக்கும். பூஞ்சணம் பிடித்து மட்கும். அதன் மங்கிய மண்நிறம் பச்சைக் காட்டில் தனித்துத் தெரியும். மலாயாவிலும் பர்மாவிலும் இதனைக் கற்று, மட்காத பச்சைத் துணியில் இலேசான தளவாடத்தை அமைத்தனர். அதற்கு 1944-ஆம் ஆண்டு மாதிரி என்று பெயர். அது போதிய அளவில் கைக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. காட்டுக்கென்றே குறுக்கி இலேசாக்கப்பெற்ற ஐந்தாம் எண் லீ-என்பீல்டும் அவ்வாறே காலந்தாழ்ந்து வந்தது. அதன் உதை கடுமையானது; குறி ஓரிடத்தில் நில்லாது நகர்கிறது என்ற குறைபாடும் எழுந்தது. 1947-இல் உற்பத்தி நின்றது.

கை மாறியவை

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது, லீ-என்பீல்டுகளும் பிரென்களும் பெருந்தொகையாக ஜப்பானியர் வசமாயின. அவற்றுள் ஒரு பகுதி இந்திய தேசிய இராணுவத்துக்குச் சென்றது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின் அப்படையில் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் பலர். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையிலும் தமிழ்ப் பெண்கள் இருந்தனர். பால்மரக் கத்தி பிடித்த கைகள் பிடித்துப் பழகியது பிரிட்டிஷ் துப்பாக்கியையே. 1944-இல் இம்பால் முனையில் இருபுறமும் நின்ற இந்தியர் ஒருவரையொருவர் நோக்கி நீட்டியது பெரும்பாலும் ஒரே துப்பாக்கி. அதே விளிம்புள்ள தோட்டா.

ஸ்டென்னும் இவ்வாறே கை மாறிற்று. 1945-இல் பிரிட்டிஷ் இரகசியப் பிரிவான போர்ஸ் 136, ஜப்பானியரை எதிர்த்த மலாயாக் காட்டுப்படைக்கு விமானத்திலிருந்து ஸ்டென்களை இறக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் அப்படை கலைந்தபோது கருவிகள் ஒப்படைக்கப்பட்டன, எல்லாம் அல்ல. காட்டில் புதைத்து வைக்கப்பெற்றவை 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தபின் வெளிவந்தன. அதன்பின் பல ஆண்டுகள், தோட்டச் சாலைகளில் பதுங்கிச் சுட்டவனிடமும் அவனைத் தேடிச் சென்றவனிடமும் இருந்தது அதே மலிவான குழாய்த் துப்பாக்கி.

ஸ்டென்னின் இடத்தை 1953-இல் ஸ்டெர்லிங் பெற்றது. 1950களின் பிற்பகுதியில் பெல்ஜிய அமைப்பிலான தானியங்கித் துப்பாக்கி லீ-என்பீல்டை அகற்றியது. அதன் தோட்டா 7.62 மில்லிமீட்டர், விளிம்பில்லாதது. பிரென் மட்டும் எஞ்சியது. புதுத் தோட்டாவுக்கு ஏற்பக் குழலை மாற்றிக்கொண்டு 1982-இல் பாக்லாந்துத் தீவுப் போரிலும் அது சுட்டது. விளிம்பு போனதால் தலைமேல் நின்ற பெட்டியும் ஏறத்தாழ நேராகிவிட்டது. என்பீல்டுத் தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டது. லீ ஆற்றங்கரையில் அது இருந்த இடத்தில் இன்று குடியிருப்பு வீடுகள் உள்ளன.